ரப்பர் பால் உறைந்த கதை

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் அருவிகளில் கூட்டம் அலைமோதும். தென்காசியிலிருந்து செங்கோட்டை, புளியரை வழியாக மலையேறி ஆரியங்காவைத் தாண்டிவிட்டாலோ, அதே மழை ரப்பர் விவசாயிக்குக் கவலை. மழைநீர் வழிந்து கோப்பையில் விழுந்தால் வெட்டிய பால் வீண். மழையே இல்லாவிட்டாலும் ரப்பர் பால் அதிக நேரம் தாங்காது. சில மணி நேரத்தில் தானே கட்டியாகி நாறத் தொடங்கும்.

இந்தப் பாலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் ரப்பர். மீதி பெரும்பாலும் தண்ணீர். மிகச் சிறிய ரப்பர் துளிகள் அதில் மிதக்கின்றன. ஒவ்வொரு துளியின் மேலும் புரதப் போர்வை உண்டு. அதன் எதிர் மின்னூட்டத்தால் துளிகள் ஒன்றையொன்று விலக்குகின்றன. அமோனியா சேர்த்தால் இந்த விலக்கம் நீடித்து, பால் கெடாமல் திரவமாகவே இருக்கும். நீர்த்த ஃபார்மிக் அமிலம் சேர்த்தால் மின்னூட்டம் தணியும், துளிகள் ஒட்டிக்கொள்ளும். எலுமிச்சம்பழம் பிழிந்த பால் திரிவதைப் போலத்தான். தட்டில் ஊற்றிய பால் மறுநாள் நீரைத் தன்னுள் பிடித்துவைத்த ஜெல்லாக உறைந்திருக்கும். அதை உருளையில் அழுத்திப் புகையில் உலர்த்தினால் ரப்பர் ஷீட் தயார்.

பாலுக்கு உறை சேர்க்கும் இந்த வித்தையை முதலில் கண்டவர்கள் யார்? மெக்சிகோவின் பழங்குடிகள் சுமார் 3,500 ஆண்டுகளுக்கு முன்பே, இரவில் வெண்மலர் பூக்கும் ஒரு கொடியின் சாற்றைக் கலந்து ரப்பர் பந்துகள் செய்தார்கள். அந்தச் சாறு பாலைத் திரளவைத்ததோடு, ரப்பரின் துள்ளலையும் கூட்டியது என்பதை அமெரிக்க ஆய்வாளர்கள் 1999-இல் விளக்கினர்.

உறைந்த ரப்பரும் வெயிலில் இளகும், குளிரில் விறைக்கும். 1839-இல் சார்லஸ் குட்இயர் கந்தகம் சேர்த்துச் சூடாக்கி அதை நிலைக்கச் செய்தார். கந்தகம் ரப்பரின் நீண்ட மூலக்கூறுச் சங்கிலிகளுக்கிடையே பாலம் போட்டது. ஆனால் 1860-இல் அவர் கடனாளியாகவே இறந்தார்.

1876-இல் பிரேசிலிலிருந்து லண்டன் சென்ற சுமார் 70,000 விதைகளில் முளைத்த கன்றுகள் அதே ஆண்டு இலங்கைக்கு வந்தன. 1902-இல் கேரளத்தின் தட்டேக்காட்டில் வணிகத் தோட்டம் தொடங்கியது. 1904-இல் கொல்லம்–செங்கோட்டை ரயில் பாதை திறக்கப்பட்டது.

குட்இயரின் பெயர் டயர்களில் நிலைத்துவிட்டது. கொடிச்சாறு பிழிந்தவர்களின் பெயர் எங்கும் இல்லை. ஆனாலும் மலைக்கு அந்தப்பக்கம் ஒரு சிறு விவசாயி பாலில் அமிலம் ஊற்றிக் கலக்கும்போதெல்லாம், அவர்கள் தொடங்கிய வேலைதான் தொடர்கிறது.