பென்சாயில் பெராக்சைடு

முகப்பருவுக்குத் தடவும் களிம்புகளில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் மருந்து இது. இதன் பெயர் சாம்பிராணிப் புகையிலிருந்து வந்தது என்பது பலருக்கு வியப்பளிக்கும். சாம்பிராணி என்ற பெயரில் வீடுகளில் புகைக்கும் பிசின்களுள் ஒன்று, சுமத்ராவில் வளரும் ஸ்டைராக்ஸ் மரத்தின் பால் உறைந்து உண்டாவது. அரபு வணிகர் இதை 'லுபான் ஜாவி', அதாவது 'ஜாவாவின் குந்திரிக்கம்' என்றனர். சுமத்ராவையும் அவர்கள் ஜாவா என்றே அழைத்தனர். ஐரோப்பியரோ முதலசையைச் சுட்டுச்சொல் எனக் கருதி விட்டுவிட, எஞ்சியது 'பென்சாய்' எனத் திரிந்தது. அப்பிசினிலிருந்து கிடைத்த அமிலம் பென்சாயிக் அமிலம் ஆயிற்று. 1832இல் லீபிக், வோலர் என்னும் ஜெர்மானிய வேதியியலர் இருவரும் கசப்பு வாதுமை எண்ணெயை ஆராய்ந்து, பல சேர்மங்களில் மாறாமல் வரும் அணுத்தொகுதிக்குப் 'பென்சாயில்' எனப் பெயரிட்டனர். 'இல்' என்னும் ஈறு, மரம், மூலப்பொருள் என்னும் பொருளுள்ள 'ஹியூலே' என்ற கிரேக்கச் சொல்லிலிருந்து அமைந்தது. 'பெராக்சைடு' என்பது இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் ஒன்றோடொன்று பிணைந்திருப்பதைக் குறிக்கும்.

மருந்தின் ஆற்றல் இந்தப் பிணைப்பில்தான் உள்ளது. தோலில் அது உடையும்போது வெளிப்படும் வினைமிக்க ஆக்சிஜன், பருவுக்குக் காரணமான பாக்டீரியாவைக் கொல்கிறது. எஞ்சுவது பென்சாயிக் அமிலமே. நுண்ணுயிர்க்கொல்லிகளை எதிர்க்கப் பழகும் பாக்டீரியா இதற்குப் பழகுவதில்லை. ஆகவே அவற்றோடு சேர்த்தும் இதைத் தருகின்றனர். 2.5 முதல் 10 விழுக்காடு வரை கிடைக்கிறது. செறிவு கூடினால் பலனைவிட எரிச்சலே மிகும். துணியில் பட்டால் சாயம் வெளுத்துவிடும்.