சுருங்குறித் தொடரின் வாசிப்பெளிமையும் தமிழ் எழுத்து வரிசையும்

விருதுநகர் மாவட்டம் இராசபாளையம் வட்டத்திலுள்ள பேரூராட்சி செட்டியார்பட்டி. அவ்வூர்ப்பெயரைத் தமிழ் இலக்கணப்படி எண்ணினால் 8 எழுத்துகள். கணினி எண்ணினால் 15 குறியெண்கள். உயிர்மெய்யின் உயிர்க்குறிக்கும் மெய்யின் புள்ளிக்கும் யூனிகோடு தனித்தனிக் குறியெண் தருவதே இதற்குக் காரணம். மின்னுரைத் தொகுப்புகளில் ஊர்ப்பெயரையும் சொல்வடிவையும் தேடி எண்ணிக்கை காட்டும் ஆய்வுகள் பெருகிவரும் நிலையில், இவ்வேறுபாடு முடிவுகளையே மாற்றவல்லது. தேடற்கோலங்களை வாசிக்கத்தக்க செயற்கூறுகளின் சங்கிலியாகக் கோக்கும் முறையின் வரலாற்றை இக்கட்டுரை தமிழ் நோக்கில் ஆராய்கிறது.

ரெகுலர் எக்ஸ்பிரஷன் எனப்படும் சுருங்குறித் தொடரின் கணிதக் கருத்தை ஸ்டீபன் கிளீனி 1951இல் வகுத்தார்; 1956இல் அது அச்சேறியது. கென் தாம்சன் 1968இல் அதனை உரைதேடும் நிரலாக வடித்துக் காட்டினார். பின்னர் யூனிக்ஸின் கிரெப் கருவி வழியாகவும் 1987இல் வெளிவந்த பெர்ல் மொழி வழியாகவும் அது பரவலாயிற்று. ஒற்றைக் குறிகளால் ஆன அத்தொடர் சுருக்கமானது. ஆனால் எழுதியவரே சில மாதங்கள் கழித்துப் படிக்கத் திணறுவார்.

ஒரு செயற்கூறு தரும் விளைவின்மீதே அடுத்த செயற்கூற்றை அழைத்துத் தொடர்ந்து கோக்கும் நடைக்கு மார்ட்டின் ஃபவுலரும் எரிக் எவான்சும் 2005இல் ‘ஃபுளூயன்ட் இன்டர்ஃபேஸ்’ எனப் பெயரிட்டனர். 2013இல் ஜாவாஸ்கிரிப்டுக்கு வந்த வெர்பல் எக்ஸ்பிரஷன்ஸ் நூலகம் அந்நடையைச் சுருங்குறித் தொடருக்குப் பொருத்தியது. ‘முதலில் செட்டியார், இடைவெளி இருக்கலாம், பிறகு பட்டி’ என்னும் பொருள்பட மூன்று செயற்கூறுகளைக் கோத்தால், சேர்த்தெழுதிய வடிவும் பிரித்தெழுதிய வடிவும் ஒருங்கே அகப்படும். நிரலறியாத தமிழாசிரியரும் இதனைச் சரிபார்க்கலாம். இம்முறையின் பெரும்பயன் இதுவே.

ஆயின் அதே நூலகத்தில் ‘சொல்’ எனப் பொருள்படும் செயற்கூறு ஒன்றுண்டு. உள்ளே அது ஜாவாஸ்கிரிப்டின் பழைய சொற்குறியாகவே மாறுகிறது. அக்குறிக்குள் அடங்குபவை ஆங்கிலத்தின் பெரிய, சிறிய எழுத்துகள், பத்து இலக்கங்கள், ஓர் அடிக்கோடு என 63 உருக்கள் மட்டுமே. எனவே ‘சொல்’ என்னும் செயற்கூற்றுக்குத் தமிழ்ச் சொல் ஒன்றும் சொல்லன்று! பைத்தானின் தரநிலை நூலகம் தமிழ் எழுத்தை ஏற்கும்; ஆனால் உயிர்க்குறியையும் புள்ளியையும் ஏற்பதில்லை. அங்குச் செட்டியார்பட்டி ஏழு துண்டுகளாகச் சிதறுகிறது.

இவ்வகைப் பிழை கண்ணுக்குப் புலப்படும். புலப்படாதது வரிசைப் பிழை. 1991இல் வெளிவந்த யூனிகோடின் முதற்பதிப்பு, இந்திய எழுத்துகளுக்குப் பொதுவான 1988ஆம் ஆண்டின் இஸ்கி அமைப்பைப் பின்பற்றியது. பிற இந்திய எழுத்துமுறைகளுக்கு இணையாகத் தமிழையும் நிறுத்த வேண்டியிருந்தமையால் நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும், லகரத்தை அடுத்து ளகர ழகரங்களும் வைக்கப்பட்டன. இதன் விளைவை இடையினத்தில் காணலாம். ‘ய முதல் ள வரை’ என்றால் தமிழ் நெடுங்கணக்கில் ய, ர, ல, வ, ழ, ள ஆகிய ஆறும் அடங்கும். யூனிகோடு வரிசையில் அதே வீச்சு ய, ர, ற, ல, ள என ஐந்தையே தரும். வல்லின றகரம் நுழைந்துவிடுகிறது. வகரமும் ழகரமும் விடுபடுகின்றன. நிரல் பிழைச்செய்தி எதுவும் தராது, ஓர் எண்ணிக்கையைத் தந்துவிடும். வாசிப்பெளிமை இங்கு உதவுவதினும் கெடுப்பதே மிகுதி எனலாம். சுருங்குறியைக் கண்டு ஐயுறும் மதிப்பீட்டாளர், ‘ய முதல் ள வரை’ எனத் தெளிவாக எழுதியிருப்பதைக் கண்டு ஐயுறார்.

அண்டை நகரான ஸ்ரீவில்லிபுத்தூரின் பெயரில் மற்றொரு சிக்கல் உண்டு. அதன் முதலெழுத்தை ஸகரத்தைக் கொண்டும் குறிக்கலாம். 2005இல் யூனிகோடில் சேர்க்கப்பட்ட ஶகரத்தைக் கொண்டும் குறிக்கலாம். பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே உருவாகத் தோன்றும். தேடுபொறிக்கோ அவை வெவ்வேறு. ‘திரு’ எனத் தொடங்கும் வடிவைச் சேர்த்தவரும் இதனைத் தவறவிடக்கூடும்.

எழுத்துக்கு ஒரு குறியெண் என்னும் டேஸ்16 முறையைத் தமிழ்நாடு அரசு 2010இல் ஏற்றது. ஆயினும் இணையம் யூனிகோடிலேயே நிலைத்துவிட்டது. அதனால் தீர்வு நூலக அளவில் தேடப்பட்டது. முத்து அண்ணாமலை முதலியோர் உருவாக்கிய ஓப்பன் தமிழ், குறியெண் கோவையை எழுத்துகளாகப் பிரித்துத் தருகிறது. சுருங்குறித் தொடரிலுள்ள எழுத்து வீச்சைத் தமிழ் வரிசைப்படி விரித்தும் தருகிறது. சங்கிலி நடையை இத்தகைய அடித்தளத்தின்மேல் எழுப்பினால் ‘இடையினம்’, ‘மொழியிறுதி மெய்’ என்றே செயற்கூறுகளுக்குப் பெயரிடலாம். தொல்காப்பிய மொழிமரபு கூறும் மொழியிறுதி மெய்கள் ஞ, ண, ந, ம, ன, ய, ர, ல, வ, ழ, ள எனப் பதினொன்றே. அவற்றை வீச்சாக எழுதாமல் பட்டியலாகவே எழுதிவிடலாம்.

மொழிமுதற் சகரத்துக்கு மட்டும் பெயர் போதாது. அகர, ஐகார, ஔகாரங்களோடு சகரம் சொல்லுக்கு முதலாகாது என்பது ஒரு பாடம். ஔகாரத்தோடு மட்டும் ஆகாது என்பது மற்றொரு பாடம். எப்பாடத்தைக் கொண்டு நிரல் எழுதப்பட்டது என்பதை ‘மொழிமுதற் சகரம்’ என்னும் செயற்கூற்றுப் பெயர் சொல்லாது; அதனுள் விரித்தெழுதிய எழுத்துப் பட்டியலே சொல்லும். அப்பட்டியலைக் கட்டுரையோடு அச்சிடுதல் தகும்.