மிதவைப்புள்ளிக் கணக்கீடும் தொகுப்பி அமைப்புகளும்

மிதவைப்புள்ளி முறையில் பின்ன எண்கள் குறிப்பிட்ட அளவு பிட்களுக்குள் சேமிக்கப்படுகின்றன; அதற்குள் அடங்காத எண் தோராயமாக்கப்படுகிறது. எந்தக் கட்டத்தில் தோராயமாக்குவது என்பது சில வேளைகளில் கம்பைலர் எனப்படும் தொகுப்பியின் அமைப்பைப் பொறுத்தது. இதனால் ஒரே நிரல் இரு விடைகளைத் தந்த காலம் உண்டு.

1980-இல் இன்டெல் வெளியிட்ட 8087 கணிதத் துணைச்செயலியின் பதிவகங்கள் 80 பிட் கொண்டவை. நினைவகத்தில் 'டபுள்' வகை எண்ணுக்கு 64 பிட் மட்டுமே. இடைக்கணக்குகளில் பிழையைக் குறைக்கவே கூடுதல் பிட்கள் தரப்பட்டன. இதன் வடிவமைப்புக்கு ஆலோசனை வழங்கிய கணிதவியலாளர் வில்லியம் கஹான், 1985-இன் ஐஇஇஇ 754 தரநிலை உருவாக்கத்திலும் முதன்மைப் பங்காற்றினார்.

சிக்கல் சோதனையின்போது வெளிப்பட்டது. உகப்பாக்கம் இல்லாத அமைப்பில் ஜிசிசி தொகுப்பி மாறிகளை நினைவகத்தில் எழுதியது. மதிப்பு 64 பிட்டுக்குச் சுருங்கியது. உகப்பாக்கம் செய்தால் அதே மதிப்பு பதிவகத்திலேயே 80 பிட்டாகத் தங்கியது. எனவே ஓர் அமைப்பில் தேறிய சோதனை மற்றொன்றில் தவறியது. பிழையைத் தேட ஓர் அச்சிடும் வரியைச் சேர்த்தால் பிழையே மறைந்துவிடவும் கூடும்! 2000-இல் ஜிசிசி பிழைப்பட்டியலில் 323 என்னும் எண்ணுடன் இது பதிவானது.

அதே ஆண்டு வந்த பென்டியம் 4 செயலியின் எஸ்எஸ்இ2 கட்டளைகள் நேரடியாக 64 பிட்டில் கணக்கிட்டன. 2010-இல் ஜிசிசி 4.5, கூடுதல் துல்லியத்தைச் சி மொழித் தரநிலைப்படி கையாளும் அமைப்பை வழங்கியது.

ஆயினும் 'ஃபாஸ்ட்-மேத்' அமைப்பு இன்றும் கூட்டல் வரிசையை மாற்ற இடமளிக்கிறது. (0.1+0.2)+0.3 என்பது 0.6000000000000001 எனவும், 0.1+(0.2+0.3) என்பது 0.6 எனவும் வரும். ஆகவே சோதனை முடிவுடன் தொகுப்பியின் பதிப்பையும் அமைப்பையும் குறித்து வைப்பதும், விடைகளை ஏற்கத்தக்க வேறுபாட்டு எல்லைக்குள் ஒப்பிடுவதும் அவசியமாகும்.