1940 வாடகையும் என் வீட்டு வரியும்

எனக்கு பேங்க்கில் வேலை. லோன் ஃபைலைத் திறந்தால் முதலில் வீட்டு வரி ரசீது இருக்கிறதா என்றுதான் தேடுவேன். அப்பேர்ப்பட்ட நானே 2014-ல் மும்பையில் ஃப்ளாட் வாங்கும்போது வரிக் கணக்கில் கோட்டை விட்டேன். சிரிப்பவர்கள் சிரித்துவிட்டு மேலே படிக்கலாம் :-)

முதலில் பார்த்தது மாட்டுங்காவில் ஒரு பழைய கட்டிடம். (கோயில், காபிப்பொடி, பூக்கடை எல்லாம் நடக்கிற தூரம். விலைதான் எட்டாத தூரம்.) அந்த வீட்டுக்காரர் காட்டிய வரி பில், ஊரில் அப்பா கட்டும் அரையாண்டு வரியைவிடக் குறைவு. அட, இங்கே வரி இவ்வளவுதானா என்று சதுர அடிக்கு வகுத்து வைத்துக்கொண்டேன். அதே கணக்கை நம்பி, முலுண்டில் புதுக் கட்டிடத்தில் 610 சதுர அடி வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்தாயிற்று.

முதல் பில் வந்தபோது, நான் போட்டதற்கு நாலு மடங்கு. இ.எம்.ஐ. போக மிச்சத்தில் பையனின் ஸ்கூல் ஃபீஸுக்கு எடுத்து வைத்ததில் கை வைக்க வேண்டியதாயிற்று. "என்னங்க, ஊருக்கெல்லாம் ரசீது கேப்பீங்க, நமக்குக் கேக்கலையா?" என்றாள் மனைவி. புதுக் கட்டிடத்துக்கு ஏது ரசீது?

ஒரே ஊரில் ஏன் இத்தனை வித்தியாசம் என்று தோண்டிய பிறகுதான் சமாச்சாரம் புரிந்தது.

மும்பை மாநகராட்சிச் சட்டம் 1888-ல் வந்தது. வீட்டை வாடகைக்கு விட்டால் ஆண்டுக்கு நியாயமாக என்ன கிடைக்குமோ, அதில் ரிப்பேருக்குப் 10 சதவீதம் கழித்து மிச்சத்தின் மேல் வரி. மாதம் 100 ரூபாய் வாடகை என்றால் ஆண்டுக்கு 1,200. கழிவு போக 1,080. சொந்தக்காரரே குடியிருந்தாலும் இதே கணக்குதான்.

அப்புறம் 1947-ல் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம். 1940 செப்டம்பர் 1 அன்று இருந்த வாடகைதான் 'ஸ்டாண்டர்ட் ரென்ட்'. அதற்குப் பிறகு கட்டியது என்றால் முதன்முதலில் விட்ட வாடகை. பிழைக்க வந்த குடித்தனக்காரர்களைக் காப்பாற்றப் போட்ட சட்டம், குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் சட்டப்படி வாங்க முடியாத வாடகையை 'நியாயமாகக் கிடைக்கும்' என்று எப்படிச் சொல்வது? கல்கத்தா வழக்கு ஒன்றில் ஆரம்பித்து, உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் இதையே சொன்னது. வாடகை உறைந்தது, கூடவே வரியும் உறைந்தது. மாநகராட்சிக்குப் பணம் வேண்டுமே? வரி விகிதத்தை ஏற்றியது. அது புதிதாகக் கட்டிய வீடுகள் தலையில்தான் அதிகம் விடிந்தது.

2010 ஏப்ரல் முதல் கணக்கு மாறியது. வாடகை போய், வீட்டின் மூலதன மதிப்பு. ரெடி ரெக்கனர் விலையைப் பரப்பளவால் பெருக்கி, கட்டிடத்தின் வகை, வயது, உபயோகம் எல்லாம் பார்த்துக் கூட்டிக் குறைப்பார்கள். (இந்த விதிகளில் சிலதை 2019-ல் மும்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்ததும், 2022-ல் உச்ச நீதிமன்றம் அதை ஆமோதித்ததும் தனிக் கதை.) ஆனால் ஒரு சலுகை வைத்தார்கள்: வீடுகளுக்குப் பழைய வரியைப் போல இரண்டு மடங்குக்கு மேல் ஏறக்கூடாது. மாட்டுங்காக்காரர் பிழைத்தது இப்படித்தான். புதுக் கட்டிடத்துக்குப் பழைய வரியே கிடையாது, அப்புறம் எங்கே உச்சவரம்பு?

ஆகவே வேறு ஊருக்கு மாற்றலாகி வீடு தேடுபவர்கள், பக்கத்துத் தெரு பில்லை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். அதே வயசுக் கட்டிடத்தின் பில்லைக் கேளுங்கள். மும்பையில் பல சொசைட்டிகளில் வரி மெயின்டனன்ஸ் பில்லுக்குள் ஒளிந்திருக்கும்; அதைத் தனியாகப் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

2022-ல் மும்பை மாநகராட்சி எல்லைக்குள் 500 சதுர அடி வரையுள்ள வீடுகளுக்குச் சொத்து வரி தள்ளுபடி என்று அறிவித்தார்கள். எங்களுடையது 610. அந்த 110 அடி எந்த ரூமில் இருக்கிறது என்று மனைவி இன்னும் தேடிக்கொண்டிருக்கிறாள்.