ஒரு கட்டி, மூன்று பரிசோதனைகள்: எம்எஸ்ஐ முடிவு குடும்பத்துக்கும் ஒரு தகவல்

பெருங்குடல் அல்லது கருப்பைப் புற்றுநோய் அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் நோயியல் அறிக்கையில் 'எம்எஸ்ஐ' அல்லது 'எம்எம்ஆர்' என்று ஒரு வரி இருக்கலாம். பலர் அதைக் கவனிப்பதில்லை. ஆனால் நோயாளிக்கு எந்த மருந்து பலன் தரும், பிள்ளைகளும் உடன்பிறந்தவர்களும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா என்ற இரண்டு கேள்விகளுக்கும் விடை அந்த வரியிலிருந்துதான் தொடங்குகிறது.

எம்எஸ்ஐ என்றால் என்ன?

உயிரணு இரண்டாகப் பிரியும்போது அதன் டிஎன்ஏ முழுவதும் நகலெடுக்கப்படுகிறது. டிஎன்ஏவில் ஓர் எழுத்தோ சில எழுத்துகளோ திரும்பத் திரும்ப வரும் இடங்கள் உண்டு. அவற்றுக்கு மைக்ரோசேட்டலைட் என்று பெயர். ஒரே எழுத்தை வரிசையாக 26 முறை எழுதச் சொன்னால் ஒன்று கூடியோ குறைந்தோ போய்விடும். உயிரணுவும் இந்த இடங்களில் அப்படித்தான் தவறுகிறது.

அந்தத் தவறைத் திருத்தும் வேலையில் எம்எல்எச்1, பிஎம்எஸ்2, எம்எஸ்எச்2, எம்எஸ்எச்6 ஆகிய நான்கு மரபணுக்கள் முக்கியமானவை. ஒன்று பழுதானாலும் பிழைகள் சேர்ந்துகொண்டே போகும். மைக்ரோசேட்டலைட்டுகளின் நீளம் மாறிவிடும். இந்த நிலையின்மையே எம்எஸ்ஐ. பெருங்குடல் புற்றுநோய்களில் ஏறக்குறைய 15 விழுக்காட்டில் இது காணப்படுகிறது.

1. புரதச் சாயப் பரிசோதனை (ஐஎச்சி)

மெழுகில் பதித்து வைத்த கட்டித் திசுவை மெல்லியதாகச் சீவி, நான்கு மரபணுக்களும் உருவாக்கும் புரதங்கள் இருக்கின்றனவா என்று சாயமிட்டுப் பார்ப்பார்கள். பக்கத்திலுள்ள நல்ல உயிரணுக்களில் சாயம் ஏறி, கட்டியில் ஏறாவிட்டால் அந்தப் புரதம் இல்லை என்று பொருள்.

இது விரைவானது, செலவும் குறைவு. எந்த மரபணுவில் சந்தேகம் என்பதையும் காட்டிவிடும். ஆனால் புரதம் இருந்தும் வேலை செய்யாமல் இருந்தால் முடிவு 'இயல்பு' என்றே வரும். அறுவைக்கு முன் கதிர்வீச்சும் கீமோவும் பெற்றவர்களின் திசுவில் எம்எஸ்எச்6 சாயம் மங்கித் தெரிந்து குழப்பலாம்.

2. பிசிஆர் பரிசோதனை

இங்கே புரதத்தைப் பார்ப்பதில்லை. பிழையின் விளைவையே அளக்கிறார்கள். கட்டியின் டிஎன்ஏவையும் அதே நபரின் நல்ல திசு அல்லது இரத்தத்தின் டிஎன்ஏவையும் எடுத்து மைக்ரோசேட்டலைட் நீளங்களை ஒப்பிடுவார்கள். 1997இல் அமெரிக்காவின் பெதஸ்டாவில் கூடிய வல்லுநர்கள் இதற்கு ஐந்து இடங்களைப் பரிந்துரைத்தனர். இரண்டு அல்லது அதற்கு மேல் மாறியிருந்தால் 'எம்எஸ்ஐ உயர்நிலை', எதுவும் மாறாவிட்டால் 'நிலையானது'. பேட்-25, பேட்-26 போன்ற, ஒரே எழுத்து திரும்ப வரும் இடங்களே அதிக நம்பகமானவை என்பது பின்னர் தெரியவந்தது.

எந்த மரபணு பழுது என்பதை பிசிஆர் சொல்லாது. திசுத் துண்டில் புற்று உயிரணுக்கள் குறைவாக இருந்தால் மாற்றம் கண்ணில் படாமல் போகலாம். கருப்பைப் புற்றுநோயில், குறிப்பாக எம்எஸ்எச்6 பழுதில், நீள மாற்றம் மிகச் சிறியதாக இருந்து தவறவும் கூடும்.

3. என்ஜிஎஸ் மரபணு வாசிப்பு

பல மரபணுக்களை ஒரே நேரத்தில் வாசித்து, ஏராளமான மைக்ரோசேட்டலைட்டுகளைக் கணினி வழி கணக்கிடும் முறை இது. கேராஸ், பிராஃப் போன்ற மரபணு மாற்றங்களும் கூடவே தெரியவரும். செலவும் காத்திருக்கும் காலமும் அதிகம், தரமான டிஎன்ஏவும் வேண்டும். நோய் பரவியவர்களுக்கு மருந்து தேர்வு செய்ய இது பெரிதும் உதவும். எம்எஸ்ஐ ஒன்றை மட்டும் அறிய வேண்டுமானால் முதல் இரண்டு முறைகளே பெரும்பாலும் போதும்.

முடிவுகள் முரண்பட்டால்?

ஐஎச்சி, பிசிஆர் முடிவுகள் 90 விழுக்காட்டுக்கும் மேல் ஒத்துப்போகின்றன. மீதமுள்ள இடத்தில்தான் ஆபத்து. பரவிய பெருங்குடல் புற்றுநோய் குறித்து 2019இல் வெளியான பிரெஞ்சு ஆய்வில், எம்எஸ்ஐ உள்ளவர்கள் என்று நோயெதிர்ப்பு சிகிச்சை பெற்றும் தொடக்கத்திலேயே பலன் கிடைக்காதவர்கள் 5 பேர். மறுபரிசோதனையில் அவர்களில் 3 பேருக்கு முதல் முடிவே தவறு என்று தெரிந்தது. சந்தேகம் இருந்தால் இரண்டாவது முறையிலும் சோதிப்பது அதனால்தான்.

மருந்தில் என்ன வேறுபாடு?

எம்எஸ்ஐ உள்ள கட்டிகளுக்கு பெம்ப்ரோலிசுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தை, கட்டி எந்த உறுப்பில் தோன்றியது என்று பாராமல் பயன்படுத்த அமெரிக்கா 2017இல் அனுமதித்தது. பரவிய பெருங்குடல் புற்றுநோயில், 2020இல் வெளியான ஆய்வுப்படி, நோய் முற்றாமல் இருந்த சராசரி இடைநிலைக் காலம் இம்மருந்தால் 16.5 மாதம், கீமோவால் 8.2 மாதம். எம்எஸ்ஐ இல்லாத பெருங்குடல் கட்டிகளில் இம்மருந்து தனித்துப் பலன் தருவது அரிது.

குடும்பத்துக்கு என்ன?

எம்எஸ்ஐ என்றாலே பரம்பரை நோய் அல்ல. வயதானவர்களிடம் எம்எல்எச்1 மரபணு தானாகவே அடங்கிப்போவது உண்டு. பெருங்குடல் கட்டியில் பிராஃப் வி600இ மாற்றம் இருந்தால் பெரும்பாலும் அது பரம்பரையாக வந்ததல்ல. மற்றவர்களிடம் லிஞ்ச் நோய்க்குறி இருக்கிறதா என்று இரத்தப் பரிசோதனையில் உறுதிசெய்ய வேண்டும். இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் 50 விழுக்காடு வாய்ப்பு. அந்தப் பிள்ளைகள், பழுதான மரபணுவைப் பொறுத்து, 20 அல்லது 30 வயதுகளிலேயே கொலனோஸ்கோப்பி பரிசோதனையைத் தொடங்கினால் நோயை முன்கூட்டியே தடுக்க முடியும்.

தாத்தாவுக்கு 'வயிற்றுக் கட்டி', அத்தைக்கு 'கர்ப்பப்பைக் கோளாறு' என்பதோடு பேச்சு முடிந்துபோன குடும்பங்கள் தோட்டங்களில் பல. அந்த நினைவு தராத தகவலைத் திசு தந்துவிடும்.

மருத்துவரிடம் கேட்க வேண்டியவை

* கட்டியில் எம்எஸ்ஐ அல்லது எம்எம்ஆர் சோதிக்கப்பட்டதா? எந்த முறையில்?
* எந்தப் புரதம் இல்லை? இரண்டாவது முறையில் உறுதிசெய்ய வேண்டுமா?
* மரபணு ஆலோசனைக்கு அனுப்ப வேண்டுமா?

மெழுகில் பதித்த திசு, ஆய்வகத்தில் பல ஆண்டுகள் பாதுகாக்கப்படுகிறது. அறுவை முடிந்து காலம் கடந்தவர்களும் இதைக் கேட்கலாம். அறிக்கையின் நகல் ஒன்றை வாங்கி வீட்டில் வைத்திருப்பது பிள்ளைகளுக்கும் உதவும்.