பிள்ளை மனசை அளந்த கதை

நம்ம கரிசல் பக்கம் எதற்கும் ஓர் அளவு உண்டு. தானியத்துக்கு மரக்கால், பருத்திக்கு நிறை, மழைக்குக்கூட 'ஒரு உழவு மழை' என்று கணக்கு. பதினைந்து வயசுப் பிள்ளையின் மனச்சோர்வை எதை வைத்து அளப்பது? அதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது.

அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரில் ஆரோன் பெக் (1921–2021) என்ற மனநல மருத்துவர் இருந்தார். மனச்சோர்வு என்பது தன் மேலேயே திரும்பிய கோபம் என்று பிராய்டின் வழி வந்தவர்கள் சொல்லிவந்த காலம் அது. பெக்கும் அதை நிரூபிக்கத்தான் இறங்கினார். ஆனால் நோயாளிகளின் கனவிலும் பேச்சிலும் அவர் கண்டது கோபம் அல்ல, தோல்வியும் இழப்பும்தான். 'நான் உதவாக்கரை', 'என்னை யாருக்கும் வேண்டாம்', 'இனி எதுவும் விடியாது' என்கிற ரீதியில், தன்னைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் வருங்காலத்தைப் பற்றியும் மூன்று பக்கமும் இருட்டு.

1961-இல் 21 கேள்விகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 63. நோயாளியே தன் நிலையைக் குறித்துத் தருவதுதான் அதன் சிறப்பு. பின்னர் மரியா கோவாக்ஸ் என்ற உளவியலாளர், பள்ளிக்கூடம், சிநேகிதம் என்று பிள்ளைகளின் உலகத்தை வைத்து, 7 முதல் 17 வயது வரையுள்ளவர்களுக்காக 27 கேள்விகள் அமைத்தார்.

நம் தமிழுக்கும் அது வந்தது. வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் மூன்று பள்ளிகளைச் சேர்ந்த 181 பிள்ளைகளிடம் பெக்கின் கேள்விகளைத் தமிழில் கொடுத்துச் சோதித்து, 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். சந்தேகப்படக் குறைந்த மதிப்பெண்ணே போதும். நோய் என்று சொல்ல அதைவிட மிக அதிகம் வேண்டும் என்று தெரிந்தது. ஆகவே மதிப்பெண்ணை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. மருத்துவர் பேசிப் பார்க்க வேண்டும்.

பள்ளியில் வேலை பார்த்த காலத்தில் நான் அதிகம் கேட்ட சொல், 'ஒரு வருஷம் போச்சு சார்' என்பது. பெக் சொன்ன மூன்றாவது இருட்டு அதுதான். 1986-இல் சென்னையில் தொடங்கிய சிநேகா அமைப்பு வலியுறுத்தியவற்றுள் ஒன்று, தோற்றவர்கள் அந்த வருஷமே மறுபடி எழுதத் துணைத் தேர்வு. அது வந்த பிறகு வருஷம் போகவில்லை.

பேரப்பிள்ளைகள் 'தலை வலிக்கு', 'பசிக்கல' என்று நாள்கணக்கில் ஒதுங்கினால், பக்கத்தில் உட்கார்ந்து மனசில் என்ன ஓடுது என்று கேளுங்கள். உதவிக்கு அரசின் 14416 எண் இருக்கிறது, தமிழிலேயே பேசலாம்.