ஓரியின் தெருவும் ஆமூர்க் களமும்

புறநானூற்றின் 85ஆம் பாட்டை மூன்றாமாண்டு மாணவர்களுக்குப் பல ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். மிகச் சிறிய பாட்டு. தித்தனின் மகனான போரவைக் கோப்பெருநற்கிள்ளி தந்தையோடு முரண்பட்டு, தன் நாட்டைவிட்டு நீங்கி, வேற்றூரில் வாழ்கிறான். உண்பது புற்கை, ஆனால் தோள் வலிமை குன்றவில்லை. ஆமூர் மல்லனோடு அவனுக்கு மற்போர். அவனை விரும்பும் நக்கண்ணையார் சொல்கிறார்: இது அவனுக்கு ஊரும் அன்று, நாடும் அன்று, ஆகையால் வெற்றி அவனுடையது என்கிறார்கள் ஒரு சாரார், இல்லை என்கிறார்கள் மற்றொரு சாரார். ('ஆடு' என்ற சொல்லுக்கு அங்கே வெற்றி என்று பொருள். இதைச் சொன்னதும் வகுப்பில் ஒரு சிரிப்பு எழும். ஆண்டுதோறும் அதே சிரிப்பு.) அவரோ சிலம்பு ஒலிக்க ஓடிப்போய், வீட்டுப் பனைமரத்தை ஒட்டி நின்று, அவன் வென்றதைத் தம் கண்ணாலேயே பார்த்துவிடுகிறார்.

சில ஆண்டுகளுக்கு முன் இதை நடத்திக்கொண்டிருந்தபோது கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "ஐயா, மல்லன் கீழ விழுந்ததை எல்லாரும்தானே பாத்திருப்பாங்க? அப்புறம் ஜெயிச்சானா இல்லையான்னு எதுக்குச் சண்டை?"

நான் உரையில் உள்ளதைச் சொன்னேன். அது அவனுக்குப் போதவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. எனக்கும் போதவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

அவன் கொல்லிமலைக்காரன்; செம்மேட்டுக்கு அப்பால் ஒரு சிற்றூர். மலையில் சமதரை அரிது. அறுவடை முடிந்த காட்டில் சாமைத் தாள் காலைக் குத்தக் குத்தப் பந்தாடிப் பழகியவன். எங்கள் கல்லூரிக் கால்பந்து அணியின் நடுக்களத்தை இரண்டு ஆண்டுகள் அவன்தான் தாங்கினான். முதுகலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் சேர்த்துக்கொள்கிறோம் என்று கேரளத்துக் கல்லூரி ஒன்று அழைத்திருந்தது. அது தெரிந்த நாளிலிருந்து விடுதியில் இரண்டு கட்சி. போனால்தான் முன்னுக்கு வருவான் என்றது ஒன்று. இத்தனை நாள் கூட ஆடியவர்களை விட்டுப் போகிறான், அடுத்த ஆண்டு நம்மையே எதிர்த்து வந்து நிற்பான் என்றது மற்றொன்று. அவன் கேள்வி சோழ இளவரசனைப் பற்றியது மட்டுமன்று.

நான் எந்தக் கட்சி என்பதையும் சொல்லிவிடுகிறேன். "இங்கேயே எம்.ஏ. சேர்ந்துவிடு, தம்பி. நம் கல்லூரிக்கு ஒரு கோப்பை வாங்கிக் கொடுத்துவிட்டு எங்கு வேண்டுமானாலும் போ" என்று அவனிடம் சொன்னவன் நான். அறிவுரை போலத்தான் ஒலித்தது.

அதற்குப் பிறகு இந்தப் பொருளைச் சங்கப் பாடல்களில் தேடத் தொடங்கினேன். கொல்லியைப் பற்றிய பாடல்களே முதலில் கைக்கு வந்தன. வல்வில் ஓரியை நாம் அறிவோம். யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று அத்தனையையும் ஊடுருவிச் செல்லும் அம்பை வன்பரணர் பாடியிருக்கிறார். அவனைக் கொன்றவன் முள்ளூர் மன்னன் மலையமான் திருமுடிக்காரி. கொன்று, பலா மரங்கள் நிறைந்த கொல்லியைத் தானே வைத்துக்கொண்டானா என்றால் இல்லை. சேரனுக்குக் கொடுத்துவிட்டான் என்கிறது அகநானூற்றின் 209ஆம் பாட்டு. கபிலரோ புறநானூறு 122இல் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறார். மூவேந்தருள் ஒருவர் ஆள் அனுப்பி, எமக்குத் துணையாக வா என்று காரியைப் புகழ்ந்து கேட்பார்களாம். அப்படி வந்து சேர்வதுதான் அவன் செல்வமாம். இன்றைய சொல்லில் சொன்னால், மூன்று அணிகளும் ஏலம் கேட்ட ஆட்டக்காரன் காரி. அவன் சேரன் பக்கம் ஆடிய ஆட்டத்தில் கொல்லி கைமாறியது.

அப்போது ஊர் என்ன செய்தது? அதையும் கபிலரே நற்றிணை 320இல் பதிவு செய்திருக்கிறார், அதுவும் போர்ப் பாட்டில் அன்று, ஒரு பரத்தையின் பேச்சில். அணிகலன் அணிந்து தெருவழியே நடந்த பெண்ணைப் பார்த்து ஊரே கல்லென்று ஆரவாரித்தது. ஓரியைக் கொன்ற காரி ஓரியின் பெருந்தெருவில் நுழைந்தபோது எழுந்த கூச்சலைப்போல என்று உவமை. வெளியாள் ஒருவன் நம் தெருவில் வென்று நடந்துவருவதன் ஓசை அவ்வளவு பரவலாகத் தெரிந்திருந்ததால்தான் ஊடல் பாட்டுக்கு அது உவமையாக முடிந்திருக்கிறது. பழிப்பா, அழுகையா, வேடிக்கையா என்று பாட்டு பிரித்துச் சொல்லவில்லை. ஓசை மட்டும் இருக்கிறது.

மலையமான் மரபினனான தேர்வண் மலையன் சோழனுக்குத் துணையாகச் சேரனோடு பொருத கதை இதைவிடச் சுவையானது (புறநானூறு 125). வென்ற சோழன், இவன்தான் நம்மை வெல்வித்தான் என்கிறான். தோற்ற சேரனும், இவன் மட்டும் வராதிருந்தால் வென்றிருப்போம் என்கிறான். இரண்டு வேந்தரும் ஒரே ஆளைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆட்டம் முடிந்த இரவில் எந்த ஊர்த் தேநீர்க்கடையிலும் கேட்கலாம் இந்தப் பேச்சை.

கல்லூரியைத் தேர்வு செய்வதையே ஊர்ப்பெருமையாக மாற்றிவிட்ட நாடு அமெரிக்கா. அங்கே பள்ளி இறுதியில் இருக்கும் பையன், பல கல்லூரிகளின் தொப்பிகளை மேசைமேல் வரிசையாக வைத்து, படக்கருவிகளுக்கு முன்னால் ஒன்றை எடுத்துத் தலையில் வைத்துக்கொள்வான், அதுதான் அறிவிப்பு. பென்சில்வேனியாவில் ஜீனட் என்ற சிற்றூரில் டெரல் பிரையர் என்றொரு பையன். 2008இல் நாடு முழுவதும் கல்லூரிகள் தேடிய அமெரிக்கக் கால்பந்து ஆட்டக்காரன் (அவர்கள் பெரும்பாலும் கையால் ஆடுவதற்கு ஏன் அந்தப் பெயர் என்பது வேறு கதை). சொந்த மாநிலத்தின் பென் ஸ்டேட்டை விட்டுவிட்டு, அந்த ஆண்டு மார்ச் மாதம் பக்கத்து மாநிலத்தின் ஒஹாயோ ஸ்டேட்டைத் தேர்ந்தான். அக்டோபரில் இரு கல்லூரிகளும் மோதின. பிரையர் பந்தைத் தவறவிட, பென் ஸ்டேட் 13-6 என்று வென்றது. அடுத்த ஆண்டு நவம்பரில் அவன் சொந்த மாநிலத்துக்கே வந்து 24-7 என்று வென்று போனான். காரி ஓரியின் தெருவில் நுழைந்தான். இவன் தன் தெருவிலேயே வெளியாளாக நுழைந்தான்.

நம் பக்கத்துக் கதை அப்படி இல்லை. திறனுள்ள கால்பந்துக்காரர்களை வங்காளம் இழுத்துக்கொண்டதுதான் இந்தியக் கால்பந்தின் வரலாறு என்றே சொல்லலாம். 1930களில் முகமதன் ஸ்போர்ட்டிங் பெங்களூரிலிருந்து ஆள் சேர்த்தது. 1949 தொடங்கிச் சில ஆண்டுகள் ஈஸ்ட் பெங்கால் அணியின் முன்களத்தில் ஐந்து பேர்: பெங்களூரின் வெங்கடேஷ், தன்ராஜ், அகமது கான், ஆந்திரத்து அப்பாராவ், கேரளத்து சாலே. ஐவரும் தென்னாட்டார். கல்கத்தா ரசிகர்கள் அவர்களைப் பஞ்ச பாண்டவர் என்றே அழைத்தார்கள். இதில் என்னைக் கவர்ந்த செய்தி ஒன்று உண்டு. அந்தக் கழகத்தின் பின்னால் திரண்ட கூட்டத்தில் பெரும்பங்கு, 1947 பிரிவினையில் கிழக்கு வங்கத்தை விட்டு ஓடிவந்த அகதிகள். ஊரை இழந்தவர்கள், வேற்றூரிலிருந்து வந்தவர்களைத் தம்மவராக்கிக்கொண்டார்கள். அவர்களுக்கு 'இது இவன் ஊர் இல்லை' என்ற சொல் கூசியிருக்கும்.

வெலிங்டன் மதராஸ் ரெஜிமெண்ட் மையத்தில் உருவான கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் கல்கத்தாவின் மூன்று பெரிய கழகங்களுக்கும் ஆடினார். தஞ்சையின் காலியா குலோத்துங்கன், 2003இல் ஜகார்த்தாவில் ஆசியான் கழகக் கோப்பையை வென்ற ஈஸ்ட் பெங்கால் அணியில் இருந்தார். பெயரிலேயே சோழன், புகழ் பெற்றது கங்கைக் கரையில். 2018இல் தஞ்சையில் சாலை விபத்தில் அவர் இறந்தபோதுதான் இப்படி ஒருவர் இருந்தார் என்பதே நம்மில் பலருக்குத் தெரிந்தது. வெளியே போனவனை ஊர் பழிப்பது ஒருவகை. போனதையே அறியாமலிருப்பது இன்னொரு வகை. இது மோசமானது என்று எனக்குப் படுகிறது.

எங்கள் வட்டாரத்தில் ஊர் அறிந்து கொண்டாடியவர் நடராஜன். சேலம் மாவட்டம் சின்னப்பம்பட்டி; தாயார் சாலையோரத்தில் கோழிக்கறி விற்றவர். 1997 வரை நாமக்கல்லும் கொல்லிமலையும் சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தன. ஆகவே மலையிலும் அவர் 'எங்க ஊர்க்காரர்'. 2017 ஏலத்தில் பஞ்சாப் அணி 3 கோடி ரூபாய்க்கு எடுத்தது. மறு ஆண்டு ஹைதராபாத் 40 லட்சத்துக்கு எடுத்து, இரண்டு பருவங்கள் ஆட வைக்காமலே வைத்திருந்தது. 2020இல் அவர் ஆடினார். இணையவழி வகுப்புக் காலம் அது. அபுதாபியில் டிவில்லியர்ஸின் காலடியில் விழுந்து ஸ்டம்பைப் பெயர்த்த அந்தப் பந்துக்கு மறுநாள், என் மாணவர்களில் பாதிப்பேரின் திரையில் ஆரஞ்சு நிறச் சட்டை. அதுவரை சென்னையின் மஞ்சளைத் தவிர வேறெதையும் தொடாத பையன்கள்! (ஹைதராபாத் அணியின் உரிமையாளர் சென்னையின் சன் குழுமம் என்பதை நான் நினைவூட்டியது யாருக்கும் பிடிக்கவில்லை.) பிரிஸ்பேன் டெஸ்ட் ஆடி முடித்து 2021 ஜனவரியில் ஊர் திரும்பியபோது, குதிரை பூட்டிய தேரில் ஏற்றி அழைத்துச் சென்றார்கள். சென்னைக்கு ஆடவில்லையே என்று அன்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கேட்டவர்கள் வேறிடத்தில் இருந்தார்கள், அதுவும் தலைகீழாக. 2023 ஏப்ரலில் தருமபுரித் தொகுதியின் பா.ம.க. உறுப்பினர் சட்டப்பேரவையில் எழுந்து, சென்னை அணியில் தமிழ் வீரர்கள் இல்லை, அதைத் தடை செய்ய வேண்டும் என்றார். அது ஊரின் குரல் அன்று, நாட்டின் குரல். நக்கண்ணையார் இரண்டையும் ஏன் தனித்தனியாகச் சொன்னார் என்பது எனக்கு இங்கேதான் விளங்கியது. ஊர் ஆளைப் பார்க்கிறது. அவன் எந்த நிறத்தை உடுத்தினாலும் அவன் அம்மாவின் கடை எங்கே என்று அதற்குத் தெரியும். நாடு கொடியைப் பார்க்கிறது. கிள்ளிக்கு ஆமூரில் இரண்டுமே இல்லை. அதனால்தான் மண்ணில் விழுந்த மல்லனைக் கண்ணால் கண்ட பிறகும் வெற்றி யாருடையது என்று தீர்மானிக்க முடியவில்லை. சாத்தந்தையார் இதே கிள்ளியைப் பாடும்போது (புறநானூறு 80), மகிழ்ந்தாலும் மகிழாவிட்டாலும் இவன் தந்தை தித்தன் இதைக் காணவேண்டும் என்று விரும்புகிறார். சொந்த ஊரின் கண் ஒன்றாவது களத்தில் இருக்கட்டும் என்ற தவிப்பாகவே அதைப் படிக்கத் தோன்றுகிறது.

இதையெல்லாம் அந்த மாணவனிடம் முழுதாகச் சொல்ல வாய்க்கவில்லை. மாற்றுச் சான்றிதழ் வாங்க வந்த அன்று துறைக்கும் வந்தான். "கோச்சுக்காதீங்க ஐயா" என்றான். கோபமில்லை என்றேன். என் குரல் அதை நம்பும்படி இருந்ததா தெரியாது.

மறு ஆண்டு ஆடி மாதம் வல்வில் ஓரி விழாவுக்காக மலைக்குப் போயிருந்தேன். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து ஏறியதில் தலை சுற்றியது. செம்மேட்டில் ஓரி சிலைக்குப் பக்கத்தில் ஒரு கடையில் உட்கார்ந்தேன். நாலைந்து பேர் ஒரு செல்போனைச் சுற்றிக் குனிந்திருந்தார்கள். கேரளத்தில் எங்கேயோ மழையில் நனைந்த மைதானம். நம் பையன் அடித்த பந்து வலைக்குள் போகிறது; அது கோல்தான் என்றார் ஒருவர். ஆஃப்சைடு, கணக்கில் வராது என்றார் இன்னொருவர். பெரியவர் ஒருவர் என்னைப் பார்த்து, "வாத்தியாரே, நீங்க படிச்சவங்க, பாத்துச் சொல்லுங்க" என்று செல்போனை நீட்டினார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, முதலிலிருந்து ஓடவிடச் சொன்னேன்.